நடுவில் இருப்பது இரண்டே வாரம்

கேள்வி

அன்புள்ள அக்காவுக்கு,

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ் வழிப் பள்ளியில் தமிழ் டீச்சராக இருக்கிறேன். வயது 37. ஓட ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. ஜனவரி முதல் ஞாயிறு சென்னையில் முழு மாரத்தான், 42 கிலோமீட்டர், ஓடப் பணம் கட்டிவிட்டேன். முழு மாரத்தான் எனக்கு இதுதான் முதல் முறை. நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க ஆசை. வாரத்துக்கு 45 கிலோமீட்டர் ஓடுகிறேன்.

அதற்கு ஐந்து வாரம் முன்னால், நவம்பர் கடைசி ஞாயிறு, மீனாட்சிபுரம் பக்கம் ஒரு கிராமத்து அரை மாரத்தான், 21 கிலோமீட்டர், வருகிறது. போன வருடம் அதில் 1 மணி 58 நிமிடத்தில் ஓடிப் பெண்களில் நான்காவதாக வந்தேன். மூன்று பேருக்குத்தான் மேடை. இந்த வருடம் டீச்சர் மேடை ஏறியே ஆக வேண்டும் என்று என் பிள்ளைகள் வகுப்பில் தினமும் சொல்கிறார்கள். ஆனால் பயிற்சி அட்டவணையில் அன்றைக்கு 28 கிலோமீட்டர் நிதானமாக ஓட வேண்டும் என்று இருக்கிறது. ஊர்ப் பந்தயத்தை வேகமாக ஓடட்டுமா, மெதுவாக ஓடட்டுமா, விட்டுவிடட்டுமா?

இன்னொன்று. பத்து நாளாக இடது காலில், முழங்காலுக்குக் கீழே முன் எலும்பின் உள்பக்கம் வலி. ஓட ஆரம்பிக்கும்போது வலிக்கிறது, அப்புறம் குறைகிறது. எடை குறைந்தால் வேகம் வரும் என்று இரண்டு மாதமாக இரவுச் சாப்பாட்டையும் விட்டுவிட்டேன். இதில் தப்பு ஏதாவது இருக்கிறதா?

பதில்

அன்புள்ள டீச்சர்,

ஓடுங்கள். ஆனால் மேடைக்காக ஓட வேண்டாம். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால், கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, கால் வலியும் இரவுச் சாப்பாடும், அதைத்தான் பேச வேண்டும். ஒரு பிசியோதெரபிஸ்டாக என் கண்ணில் முதலில் பட்டது அந்த இரண்டும்தான்.

இன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு நாற்காலியில் உட்காருங்கள். இடது காலை வலது தொடைமேல் போட்டுக்கொண்டு, கணுக்காலிலிருந்து மேல்நோக்கி, எலும்பின் உள் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒவ்வொரு விரல்கடையாக அழுத்திக்கொண்டே வாருங்கள். மூன்று நான்கு விரல் அகலத்துக்கு, அதாவது ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் நீளமாக, எங்கே அழுத்தினாலும் லேசாக வலிக்கிறதா? அப்படியானால் அது ஓட்டக்காரர்கள் ஷின் பெயின் என்று சொல்வது. ஓடும் தூரத்தைக் கொஞ்சம் அவசரமாகக் கூட்டினால் எலும்பின் ஓரமும் அதை ஒட்டிய தசையும் நொந்துபோய் இப்படி வலிக்கும். ஆரம்பத்தில் வலித்து, உடம்பு சூடானதும் குறைவது இதன் குணம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. ஆனால் கடிதத்தை வைத்து நான் முடிவு சொல்லக் கூடாது.

வலி ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குள் ஒரே இடத்தில் நிற்கிறதா, அங்கே தொட்டாலே சுளீர் என்கிறதா, இரவு படுத்திருக்கும்போதும் வலிக்கிறதா, அந்த ஒற்றைக் காலில் நான்கு தடவை குதித்தால் அதே புள்ளியில் குத்துகிறதா? இவற்றில் எது இருந்தாலும் ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எலும்பில் மயிரிழை விரிசல், ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், இருக்க வாய்ப்பு உண்டு. இதில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரத்தில் எக்ஸ்ரேயில் இந்த விரிசல் பெரும்பாலும் தெரியாது. படம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டால், திரும்ப ஓடி விரிசலைப் பெரிதாக்கிக்கொண்டு வருகிறவர்களை வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது பார்க்கிறேன். வலி அந்தப் புள்ளியிலேயே நின்றால் எம்ஆர்ஐ எடுக்கலாமா என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்.

முதல் வகை வலிதான் என்றால் பத்து நாளைக்கு வார தூரத்தை 45-லிருந்து 30, 32-க்குக் குறையுங்கள். கான்கிரீட் போட்ட ஊர்ச் சாலைகளை விட்டு வாய்க்கால் ஓரத்து மண் பாதையில் ஓடுங்கள். வாசல்படி விளிம்பில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சியை முட்டியை நேராக வைத்துப் பதினைந்து முறை, லேசாக மடக்கிப் பதினைந்து முறை, ஒரு நாளைக்கு மூன்று சுற்று செய்யுங்கள். ஷூ எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று கணக்குப் பாருங்கள். 700 தாண்டியிருந்தால் இப்போதே மாற்றுங்கள். டிசம்பரில் மாற்றினால் பழகுவதற்கு நேரம் இருக்காது.

இனி இரவுச் சாப்பாடு. டீச்சர், இதை மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்று இரவே சாப்பிட ஆரம்பியுங்கள். வாரத்துக்கு 45 கிலோமீட்டர் ஓடி, ஐந்து வகுப்பு நின்றுகொண்டே பாடம் எடுத்து, வீட்டு வேலையும் பார்க்கிற உடம்புக்கு ஒரு வேளைச் சாப்பாட்டை நிறுத்தினால், அது முதலில் எடுத்துக்கொள்வது கொழுப்பை மட்டும் இல்லை. எலும்பைப் புதுப்பிக்கிற வேலையையும் மாதவிடாயை ஒழுங்காக நடத்துகிற வேலையையும் உடம்பு சுருக்கிக்கொள்ளும். 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதற்குத் தனியாக ஒரு பெயர் வைத்தே எச்சரித்தது. விளையாட்டு வீரர்களுக்கு வருகிற ஆற்றல் பற்றாக்குறை என்று தமிழில் சொல்லலாம். கால் வலியும் பட்டினியும் ஒரே கடிதத்தில் இருப்பது தற்செயல் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். இரண்டு மாதமாக மாதவிடாய் தள்ளிப் போகிறதா, குறைவாக வருகிறதா? அப்படி இருந்தால் அதை மகளிர் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ரத்தத்தில் இரும்புச் சத்து, ஹீமோகுளோபின், வைட்டமின் டி மூன்றையும் பார்த்துவிடுங்கள். நம் பக்கத்துப் பெண்களில் ரத்தசோகையை வைத்துக்கொண்டே, மூச்சு வாங்குவது பயிற்சி போதாததால் என்று நினைத்து இன்னும் அதிகமாக ஓடுகிறவர்கள் நிறைய.

சரி, பந்தயத்துக்கு வருவோம்.

காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். நவம்பர் கடைசி ஞாயிறிலிருந்து சென்னைக்கு ஐந்து வாரம். இதில் கடைசி மூன்று வாரம் தூரத்தைப் படிப்படியாகக் குறைத்து உடம்பைத் தேற்றுகிற வாரங்கள், டேப்பர் என்கிறோமே, அது. அந்த மூன்று வாரம் தொடங்குகிற ஞாயிறன்றுதான் உங்களுடைய மிக நீளமான ஓட்டம், 30 அல்லது 32 கிலோமீட்டர், இருக்க வேண்டும். அப்படியானால் ஊர்ப் பந்தயத்துக்கும் அந்த நீள ஓட்டத்துக்கும் நடுவில் இருப்பது இரண்டே வாரம். இந்தப் பயிற்சி முழுவதிலும் விலை உயர்ந்த இரண்டு வாரம் அதுதான்.

அரை மாரத்தானை உயிரைக் கொடுத்து ஓடினால் தேற எவ்வளவு நாள் ஆகும்? பந்தயத்தில் ஓடிய ஒவ்வொரு மைலுக்கும் ஒரு நாள் என்பது ஓட்டக்காரர்களிடையே பழைய கணக்கு. அரை மாரத்தான் 13 மைல் சொச்சம். ஆக 13 நாள். இதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இருபத்தைந்து வயதுக்காரர் ஒரு வாரத்தில் தேறிவிடுவார். 37 வயதில், வாரம் 45 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு இந்தக் கணக்கு ஏறக்குறையச் சரியாக வரும். அந்த 13 நாளும் எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள். சரியாக அந்த இரண்டு வாரத்தின்மேல். தேறாத காலோடு 32 கிலோமீட்டர் ஓடுவீர்கள், அல்லது அதை விட்டுவிட்டு 28-ஐத் தாண்டாமலே சென்னைக்குப் போவீர்கள். இரண்டுமே உங்களுக்கு நல்லதில்லை.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பதினோரு வருடம் முன்னால், எனக்கும் அது முதல் முழு மாரத்தான். ஆறு வாரம் முன்னால் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கிராமத்தில் அரை மாரத்தான் நடந்தது. நிதானமாக ஓடலாம் என்றுதான் போனேன். பத்தாவது கிலோமீட்டரில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள்தான் என்று வழியில் நின்ற ஒருவர் கத்திச் சொன்னார். அவ்வளவுதான். மூன்றாவதாக வந்தேன், ஓர் எவர்சில்வர் குடம் பரிசாகக் கொடுத்தார்கள். மறுநாள் கணுக்காலுக்கு நாலு விரல் மேலே ஒரு புள்ளியில் வலி. மற்றவர்களுக்கு வைத்தியம் சொல்கிற நான், என் காலைச் சோதித்துப் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறே 30 கிலோமீட்டர் ஓடப் போனேன். இருபதாவது கிலோமீட்டரில் காலைத் தரையில் வைக்க முடியவில்லை. ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர். எட்டு வாரம் ஓட்டம் இல்லை. அந்த ஜனவரியில் என் நம்பர் துணி பீரோவுக்குள் இருந்தது. அதற்காக நான் அழுதது என் வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும். ஒரு வருடம் விடியற்காலையில் எழுந்ததெல்லாம் ஒரு காலைப் பொழுதில் போனது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து வாரம் முன்னால் அரை மாரத்தானை வேகமாக ஓடுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. இரண்டு மூன்று முழு மாரத்தான் ஓடியவர்கள் வேண்டுமென்றே அப்படி ஒரு பந்தயத்தை வைத்துக்கொள்வார்கள். உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அதைவிடச் சரியான சோதனை இல்லை. நீங்கள் மூன்றாவது முழு மாரத்தானுக்குப் போகிறவராக, வாரம் 65, 70 கிலோமீட்டர் ஓடுகிறவராக, கால் வலி இல்லாதவராக இருந்தால், மேடையைப் பிடித்துவிட்டு வாருங்கள் என்றுதான் எழுதியிருப்பேன். அடுத்த வருடம் அப்படி எழுத எனக்கு ஆசை.

நான்கு மணி நேர இலக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. பீட்டர் ரீகல் என்கிற அமெரிக்கப் பொறியாளர் 1977-ல் ஒரு சூத்திரம் கொடுத்தார். ஒரு தூரத்தில் எடுத்த நேரத்தை வைத்து இன்னொரு தூரத்துக்கு எவ்வளவு ஆகும் என்று கணிப்பது. தூரம் இரட்டித்தால் நேரம் 2.085 மடங்காகும். உங்கள் 1:58-க்கு இது 4 மணி 6 நிமிடம் காட்டுகிறது. இந்த வருடம் நீங்கள் இன்னும் தேறி 1:55 ஓடக்கூடியவர் என்று வைத்துக்கொண்டாலும் சரியாக நான்கு மணிதான் வருகிறது. அதுவும் முழுத் தூரத்துக்கு வேண்டிய பயிற்சி செய்தவருக்கு, நல்ல குளிரில். சென்னையின் கடலோர ஈரக்காற்று எந்தச் சூத்திரத்திலும் இல்லை. வேறு விதமாகப் பாருங்கள். நான்கு மணி என்றால் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 விநாடி. முதல் பாதியை 2 மணி நேரத்தில் ஓட வேண்டும். போன வருடம் எல்லாவற்றையும் கொடுத்து ஓடிய ஓட்டத்தைவிட இரண்டே நிமிடம் மெதுவாக ஓடிவிட்டு, நிற்காமல் அதையே இன்னொரு முறை ஓட வேண்டும். முதல் முழு மாரத்தானுக்கு 4:15 என்று வையுங்கள். கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 3 விநாடி. முப்பதாவது கிலோமீட்டருக்கு மேல் மற்றவர்கள் நடந்துகொண்டிருக்கும்போது நீங்கள் ஓடிக்கொண்டிருப்பீர்கள். இந்த ஊர்ப் பந்தயத்தை அந்த 6:03-ஐக் கால்களுக்குப் பழக்குகிற ஒத்திகையாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. கூட்டம் இருக்கும், தண்ணீர் கொடுப்பார்கள், உடம்பில் பந்தயத்துப் படபடப்பு இருக்கும். தனியாக ஓடும்போது இது எதுவும் கிடைக்காது.

எப்படி ஓடுவது? பந்தயம் தொடங்குவதற்கு முன் மைதானத்தைச் சுற்றி மூன்று கிலோமீட்டர் மிக மெதுவாக ஓடிக்கொள்ளுங்கள். பந்தயத்தில் முதல் 5 கிலோமீட்டரைக் கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடத்தில் ஓடுங்கள். எல்லோரும் உங்களைத் தாண்டிப் போவார்கள், போகட்டும். அடுத்த 12 கிலோமீட்டர் 6:03. கடைசி நான்கில் கால் லேசாக இருந்தால் 5:50 வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம். காற்று படுத்தாவிட்டால் முடிக்கும்போது கடிகாரம் 2 மணி 9 நிமிடம் காட்டும். மொத்தம் 24 கிலோமீட்டர்தானே ஆகிறது, அட்டவணையில் 28 இருக்கிறதே என்று மெடலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இன்னும் நான்கு ஓடப் போக வேண்டாம். நின்று, ஆறி, இறுகிய காலோடு மறுபடி தொடங்கும்போதுதான் பிடிப்பு வரும். பாதித் தூரத்துக்கு மேல் மாரத்தான் வேகத்தில் ஓடியிருப்பதால் இந்த 24, மெதுவாக ஓடிய 28-க்குக் குறைந்தது இல்லை.

கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்காமல் வேகத்தை அளக்க உங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். தமிழ் டீச்சர் ஆயிற்றே. ஓடும்போது ஒரு குறளை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஏழு சீரையும் ஒரே மூச்சில், வகுப்பில் சொல்வதுபோலச் சொல்ல முடிந்தால் அது நிதான ஓட்டம். முதல் அடியின் நான்கு சீரைச் சொல்லி, ஒரு மூச்சு எடுத்து, மிச்சம் மூன்றைச் சொன்னால் மாரத்தான் வேகம். இரண்டு சீருக்கு ஒரு மூச்சு என்றால் வேகம் எல்லை மீறிவிட்டது, குறைத்துவிடுங்கள். ஓட்டப் பயிற்சியில் பேச்சுச் சோதனை என்று ஒன்று உண்டு, அதைத்தான் உங்களுக்குத் தக்கபடி சொல்கிறேன். எதிர்காற்றில் இது கடிகாரத்தைவிட நம்பகமானது.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் நம் பக்கத்துப் பந்தயத்தைப் பேச முடியாது. மீனாட்சிபுரத்திலிருந்து வண்டித்தாவளம் பக்கம் போய்த் திரும்புகிற பாதை என்றால் போகும்போது மேற்கே பார்த்து, வரும்போது கிழக்கே பார்த்து ஓடுவீர்கள். கார்த்திகை பிறந்துவிட்டால் பாலக்காட்டுக் கணவாய்க்குள் கிழக்குக் காற்று புகுந்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறக்குறைய 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு உள்ள ஒரே பெரிய திறப்பு இது. தமிழ்நாட்டுப் பக்கத்துக் காற்றெல்லாம் இந்த வாசல் வழியாக நெருக்கிக்கொண்டு போகிறது. போகும்போது காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். இன்றைக்குக் கால் நன்றாக இருக்கிறது என்று தோன்றும். அதை நம்பாதீர்கள். திரும்பியதும் அதே காற்று நெஞ்சில் அடிக்கும். பின்காற்று கொடுக்கிற உதவியைவிட எதிர்காற்று பிடுங்கிக்கொள்கிற பலம் அதிகம். அதனால் திரும்பும்போது 6:03 பிடிக்காது. 6:15, 6:20 ஆனாலும் கவலைப்படாமல் குறளை வைத்துக்கொண்டு ஓடுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து ஓடினால் அவர்களுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பெரிய பந்தயங்களிலும் இப்படித்தான் ஓடுகிறார்கள்.

முந்தின நாள் மழை பெய்திருந்தால் வாய்க்கால் கரையில் கவனமாக இருங்கள். கேரளத்தில் கரிசல் மண் இருப்பது உங்கள் சித்தூர் தாலுகாவில்தான். நனைந்தால் அது ஷூவில் அப்பிக்கொண்டு ஒவ்வொரு காலையும் கால் கிலோ கனமாக்கும், வழுக்கவும் செய்யும். அங்கே நடந்துகூடப் போகலாம். கான்கிரீட் சாலையில் ஓரமாகவே ஓடாதீர்கள். சாலையின் இரண்டு ஓரமும் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் விழும். உங்கள் இடது காலுக்கு அது ஆகாது. வண்டி வராத இடத்தில் நடுச்சாலையில் ஓடுங்கள்.

வண்டி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. பயிற்சிக்கு விடியும் முன்னால் சாலையில் இறங்குகிறீர்கள் என்றால், சித்தூர்த் தோப்புகளிலிருந்து கள் ஏற்றிக்கொண்டு மற்ற மாவட்டங்களுக்குப் போகிற வண்டிகள் அந்த நேரத்தில்தான் வேகமாகப் போகும். புளிப்பதற்குள் போய்ச் சேர வேண்டிய அவசரம் அவர்களுக்கு. எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரமாக ஓடுங்கள். மின்னும் பட்டை தைத்த சட்டையும் தலையில் ஒரு விளக்கும் கட்டாயம். காதில் பாட்டு வேண்டாம். தெருநாய்க்காகவும்தான் சொல்கிறேன்.

சாப்பாட்டு ஒத்திகையை நவம்பரிலேயே செய்துவிடுங்கள். சென்னையில் முழு மாரத்தான் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். அதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் சாப்பிட வேண்டும். உறவினர் வீட்டிலோ விடுதியிலோ அந்த அர்த்த ராத்திரியில் யார் இட்லி ஊற்றுவார்கள்? அடுப்பு வேண்டாத சாப்பாடாகப் பழகிக்கொள்ளுங்கள். முந்தின இரவே அவித்து வைத்த பெரிய நேந்திரன் பழம் இரண்டு, கொஞ்சம் வெல்லம் போட்டு ஊறவைத்த அவல், பால் விடாத ஒரு கட்டங்காப்பி. ஒரு நேந்திரனிலேயே 30 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது. ஊர்ப் பந்தயத்தன்றும் இதையே சாப்பிட்டு வயிறு என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

உடம்பில் சேர்த்து வைக்கக்கூடிய மாவுச்சத்து பெரும்பாலானவர்களுக்கு 30 கிலோமீட்டர் வாக்கில் தீர்ந்துவிடும். அதற்கு மேல் கால் கல்லாகிப் போவது அதனால்தான். ஓடும்போதே மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை உள்ளே போய்க்கொண்டிருக்க வேண்டும். ஊர்ப் பந்தயத்தில் 40-வது நிமிடம் ஒன்று, 80-வது நிமிடம் ஒன்று என்று இரண்டு ஜெல், அதாவது ஓடிக்கொண்டே உறிஞ்சுகிற மாவுச்சத்துப் பசைப் பொட்டலம், எடுத்துப் பழகுங்கள், ஒவ்வொன்றுக்கும் நாலு வாய் தண்ணீரோடு. ஜெல் ஒத்துக்கொள்ளாவிட்டால் கொட்டை எடுத்த பேரீச்சை. கடலைமிட்டாய் ஓடும்போது சரிப்படாது, மெல்லவும் முடியாது, செரிக்கவும் நேரமாகும். தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள். தாகம் இல்லாமலே ஒவ்வொரு பந்தலிலும் இரண்டு டம்ளர் என்று குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகவும் முடியும். வழியில் அன்பாக இளநீர் வெட்டிக் கொடுப்பார்கள். இளநீரில் பொட்டாசியம் நிறைய, ஆனால் வியர்வையில் நாம் இழக்கிற சோடியம் அதில் குறைவு. முடித்த பிறகு உப்புப் போட்ட மோரோடு சேர்த்துக் குடித்தால் நன்றாக இருக்கும்.

திங்கள்கிழமை நடை மட்டும். செவ்வாய் 5 கிலோமீட்டர், பேசிக்கொண்டே ஓடுகிற வேகத்தில். புதன் ஓய்வு. வியாழன் வழக்கமான ஓட்டம். எலும்பை மறுபடி அழுத்திப் பார்த்துவிட்டு ஓடுங்கள். பள்ளிக் கலைவிழாவான கலோத்ஸவ வேலைகளும் இருக்கிற காலம். தூக்கம் ஆறு மணி நேரத்துக்குக் குறைந்த நாளில் அட்டவணையில் என்ன எழுதியிருந்தாலும் ஓட வேண்டாம்.

பிள்ளைகளிடம் என்ன சொல்வது? நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தில் உங்களை அதிகமாக அழுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன். பந்தயம் முடிந்த பிறகு சமாதானம் சொல்லாதீர்கள். முன்னாடியே சொல்லிவிடுங்கள். டீச்சர் இந்தத் தடவை போன வருடத்தைவிடப் பதினோரு நிமிடமாவது மெதுவாக வருவேன், சென்னையில் 42 கிலோமீட்டர் ஓடுவதற்காக வேண்டுமென்றே அப்படி ஓடுகிறேன் என்று. கரும்பலகையில் 5 கிலோமீட்டருக்கு எவ்வளவு, 17-க்கு எவ்வளவு, கடைசிக்கு எவ்வளவு என்று எழுதிப் போட்டு, டீச்சர் சொன்ன நேரத்துக்கு வருகிறாரா என்று அவர்களையே பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அது மேடையைவிட உற்சாகமாக இருக்கும். நான் பயிற்சி கொடுக்கிற ஒரு குழுவில் செய்து பார்த்திருக்கிறேன்.

வரக்கூடியவர்களைப் பெற்றோரோடு 16-வது கிலோமீட்டரில் நிற்கச் சொல்லுங்கள். எதிர்காற்று அதிகமாக உறைப்பது அங்கேதான். ஒருத்தர் கையில் தண்ணீர் பாட்டில் இருக்கட்டும். மூடியைத் திறந்து வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.